குழாய்க்கும் பாறைக்கும் நடுவே

மார்கழி மாதத்து விடியற்காலையில் கிணற்றிலிருந்து சேந்திய ஜலம் உடம்புக்கு இதமான வெதுவெதுப்போடு இருப்பதையும், அதே கிணற்று ஜலம் சித்திரை மாதத்து நண்பகலில் ஜில்லென்று இருப்பதையும் அனுபவத்தில் அறியாதவர்கள் நம்மில் மிகச் சிலரே. ஜலத்தின் உஷ்ணம் இரண்டு பருவங்களிலும் ஏறக்குறைய ஒன்றேதான். மாறுவதெல்லாம் நம்மைச் சூழ்ந்த காற்றின் உஷ்ணமே. பூமியின் மேற்பரப்பில் கோடையும் குளிரும் மாறி மாறி ஆட்சி செலுத்தினாலும், பத்துப் பதினைந்து மீட்டருக்குக் கீழே அந்த மாறுதல்கள் எட்டுவதில்லை; அந்தப் பிரதேசத்தின் வருஷாந்தர சராசரி உஷ்ணம் எதுவோ, அதுவே ஏறத்தாழ அங்கே ஆண்டு முழுவதும் நிலைபெற்றிருக்கிறது. நமக்கு இது ஒரு சுவையான செய்தி, அவ்வளவுதான். வருஷத்தில் பாதி நாள் வீட்டைச் சூடுபடுத்தாமல் வாழ முடியாத ஜெர்மனி, ஸ்விட்ஸர்லாந்து, ஸ்வீடன் முதலிய தேசத்தாருக்கோ, நிலக்கரியையும் எண்ணெயையும் எரிவாயுவையும் நம்பியிருக்கும் அடிமைத்தனத்திலிருந்து விடுபட இதுவே ஒரு வழியாகத் தோன்றியது.

மத்திய ஐரோப்பாவில் இந்த ஆழத்து உஷ்ணம் சுமார் 10 டிகிரி. அதற்கும் கீழே போகப் போக ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறக்குறைய 3 டிகிரி கூடுகிறது. எரிமலைகளுக்கு அடுத்திருக்கும் ஐஸ்லாந்தில் கொதிநீர் ஊற்றையே குழாயில் பிடித்து வீடுகளுக்கு அனுப்புகிறார்கள் என்றால், அது அந்த நாட்டுக்கு வாய்த்த தனிப் பாக்கியம். இங்கே நாம் பேசப்போவது, எந்தச் சாதாரண நிலத்திலும் 100, 150, 200 மீட்டர் ஆழத்துக்குள் கிடைக்கிற, கையால் தொட்டால் குளிர்ச்சி என்றே சொல்லக்கூடிய மந்தமான வெப்பத்தைப் பற்றி. வெளியே உறைபனி மூடி, காற்றின் உஷ்ணம் பூஜ்யத்துக்குப் பத்து டிகிரி கீழே நிற்கும்போது, இந்தக் குளிர்ந்த மண்ணே அந்தக் காற்றைவிட இருபது டிகிரி சூடானது என்பதுதான் இதன் மதிப்பெல்லாம்.

பத்து டிகிரி மண்ணைக்கொண்டு இருபது டிகிரி அறையைச் சூடாக்குவது எப்படி என்ற கேள்வி எழுவது நியாயமே. வெப்பம் தன்னிச்சையாகச் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் பாயும். எதிர்த்திசையில் அதை ஏற்றவேண்டுமானால் வேலை செய்தாக வேண்டும். நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி இரவும் பகலும் செய்துகொண்டிருப்பது இந்த வேலையைத்தான்: உள்ளே இருக்கும் காய்கறியிலிருந்து வெப்பத்தை உறிஞ்சிப் பின்புறக் கம்பிகளின் வழியாகச் சமையலறைக்குள் தள்ளுகிறது. அந்தக் கருவியின் குளிர்ந்த பக்கத்தை மண்ணுக்குள்ளும் சூடான பக்கத்தை வீட்டுக்குள்ளும் வைத்துவிட்டால் அதுவே வெப்பப் பம்பு. கெல்வின் பிரபு 1852-ஆம் ஆண்டிலேயே இந்தத் தத்துவத்தை வகுத்துச் சொன்னார். ஹைன்ரிஷ் ஸோலி என்ற ஸ்விஸ் பொறியியலாளர் பூமியிலிருந்தே வெப்பத்தை எடுக்கலாம் என்று 1912-இல் காப்புரிமை பெற்றார். ஜூரிச் நகரமண்டபத்தை லிம்மாட் நதியின் ஜலத்தைக்கொண்டு சூடாக்கும் வெப்பப் பம்பு 1938-இலேயே நிறுவப்பட்டது. ஆகவே தத்துவத்தில் புதிது ஒன்றுமில்லை. மின்சாரம் ஒரு பங்கு செலவழித்தால் மண் தரும் மூன்று பங்கும் சேர்ந்து நான்கு பங்கு வெப்பம் வீட்டுக்குக் கிடைக்கும் என்ற கணக்கும் உண்மையானதே. சிரமங்களெல்லாம் தொடங்குவது, மண்ணிலிருந்து அந்த மூன்று பங்கை எடுக்கத் துளைபோட முற்படும்போதுதான்.

முதலில் மண்ணின் இயல்பைச் சற்று விசாரிப்போம். பூமியின் கர்ப்பத்திலிருந்து மேலெழுந்து வருகிற வெப்பம் ஓயாமல் நம்மை வந்தடைகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். வந்தடைவது மெய்தான், ஆனால் அதன் அளவு ஒரு சதுர மீட்டருக்கு ஒரு வாட்டில் பதினைந்தில் ஒரு பங்குதான். ஐந்நூறு சதுர மீட்டர் மனை ஒன்றின் அடியிலிருந்து வருவதையெல்லாம் ஒன்றுதிரட்டினாலும் முப்பது வாட்டைச் சற்றே தாண்டும். ஒரு சிறிய மின்விளக்குக்குத்தான் அது போதும். அதே மனையில் நிற்கும் ஒரு வீட்டுக்குக் குளிர்காலத்தில் பத்தாயிரம் வாட் தேவைப்படலாம். அப்படியானால் வெப்பப் பம்பு எடுப்பது எதை? ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மண்ணிலும் பாறையிலும் தங்கிப்போன சேமிப்பையும், பக்கத்து நிலத்திலிருந்தும் மேற்பரப்பில் காயும் வெயிலிலிருந்தும் மழைநீரோடும் மெல்ல மெல்ல ஊர்ந்து வந்து அந்தச் சேமிப்பை நிரப்புகிற வெப்பத்தையுமே. அந்த ஊர்தல்தான் இத்தொழிலின் முதல் கட்டுப்பாடு. கல்லும் மண்ணும் வெப்பத்தைக் கடத்துவதில் பெரும் சோம்பேறிகள். உலோகங்களுக்கும் அவற்றுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

மண்ணுக்கு மண் இதில் பேதமும் உண்டு. உலர்ந்த சரளையிலும் மணலிலும் ஒவ்வொரு மீட்டர் துளைக்கும் இருபது, இருபத்தைந்து வாட்டுக்குமேல் கிடைப்பதில்லை. சாதாரணப் பாறையிலும் ஈரமுள்ள மண்ணிலும் ஐம்பது வாட் என்பது ஜெர்மன் தேசத்தில் வெகுகாலமாக வழங்கிவரும் உத்தேசக் கணக்கு. நிலத்தடி நீர் ஓட்டமாக ஓடுகிற சரளையிலோ எண்பதைத் தாண்டும். பத்தாயிரம் வாட் வேண்டிய வீட்டுக்கு மண்ணிலிருந்து ஏழாயிரத்து ஐந்நூறு வாட் எடுக்கவேண்டும் என்று வைத்துக்கொண்டால், நடுத்தரமான நிலத்தில் 150 மீட்டர் துளை போதும். உலர்ந்த மணலில் அதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும். மேலே நின்று பார்ப்பவனுக்கு இரண்டு நிலமும் ஒரே புல்தரையாகத்தான் தெரியும். சிறிய வீடுகளுக்கு உத்தேசக் கணக்கோடு நின்றுவிடுவதும் உண்டு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி போன்ற பெரிய கட்டடங்களுக்கு அப்படிச் செய்வது விபரீதத்தில் முடியும். ஆகையால் முதலில் ஒரே ஒரு துளையைப் போட்டு, அதில் குழாயை இறக்கி, இரண்டு மூன்று நாட்கள் இடைவிடாமல் ஒரே அளவான சூட்டை அதற்குள் செலுத்தி, திரும்பி வரும் நீரின் உஷ்ணம் எவ்வளவு வேகத்தில் ஏறுகிறது என்று அளக்கிறார்கள். வேகமாக ஏறினால் நிலம் மந்தம். மெதுவாக ஏறினால் நிலம் நன்றாகக் கடத்துகிறது. 1990-களின் நடுவில் ஸ்வீடனில் இதற்கென்று வண்டியில் கட்டி இழுத்துச் செல்லக்கூடிய கருவி உருவான பிறகுதான் இப்பரிசோதனை பரவலாயிற்று.

துளை போடும் காரியத்தைக் கிட்டத்தில் நின்று பார்த்தால், நம் ஊரில் ரிக் வண்டி வந்து போர் போடுவதற்கும் இதற்கும் ஆரம்பத்தில் வித்தியாசம் தெரியாது. அதே இரைச்சல், அதே சேறு. துளையின் விட்டம் சுமார் 15 சென்டிமீட்டர். ஆனால் போர் போடுகிறவன் நீரைத் தேடிப் போகிறான். இந்தத் துளையைப் போடுகிறவனோ நீரைக் கண்டால் அஞ்சவேண்டியவன். துளை முடிந்ததும், அடியில் வளைந்து திரும்புகிற இரண்டு ஜோடி பிளாஸ்டிக் குழாய்களை, ஒவ்வொன்றும் 32 மில்லிமீட்டர் பருமனுள்ளவற்றை, ஒரு கட்டாக உள்ளே இறக்குகிறார்கள். அவற்றின் வழியே உறையாமலிருக்கக் கிளைக்கால் கலந்த நீர், ஒரு கையால் இறங்கி மறு கையால் ஏறி, ஓயாமல் சுற்றிவரும். இறங்கும் குழாயும் ஏறும் குழாயும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டால், அடியிலிருந்து சம்பாதித்துக்கொண்டு வருகிற வெப்பத்தை ஏறுகிற நீர் வழியிலேயே இறங்குகிற நீருக்குக் கொடுத்துவிடும். ஆகையால் அவற்றை விலக்கி வைக்க நடுவே தாங்கிகள் பொருத்துவதுண்டு.

இனித்தான் இத்தொழிலின் உயிர்நிலையான கட்டம் வருகிறது. குழாய்களுக்கும் துளையின் சுவரான பாறைக்கும் நடுவே சில சென்டிமீட்டர் அகலத்துக்கு வெற்றிடம் இருக்கிறது. தலையிலிருந்து அடிவரை 150 மீட்டர் நீளத்துக்கு அது செல்கிறது. அந்த இடைவெளியில் காற்று தங்கினால் வெப்பம் குழாயை வந்தடையாது. அதைவிடப் பெரிய அபாயம் வேறு. பூமியில் நீர் ஒரே தேக்கமாக இருப்பதில்லை. களிமண்ணும் கெட்டிப் பாறையும் தடுப்புகளாக நிற்க, மேலொன்று கீழொன்றாகப் பல அடுக்குகளில் இருக்கிறது. ஓர் அடுக்கின் நீர் நல்ல குடிநீராயிருக்கும். அடுத்ததன் நீர் உப்பாயிருக்கும். வேறொன்று அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடந்து, வழி கிடைத்தால் மேலே பீறிட்டெழும். யுக யுகமாக இயற்கை பிரித்து வைத்திருந்த இந்த அடுக்குகளையெல்லாம் ஒரே துளை ஊடுருவிவிடுகிறது. அந்தத் துளையைச் சுற்றியுள்ள இடைவெளியை அடைத்துவிட்டால் பாதகமில்லை. அடைக்காமல் விட்டால் அடுக்குக்கு அடுக்கு நீர் போக நாமே ஒரு குழாய் போட்டுக்கொடுத்ததாக ஆகும்.

ஆகையால் பெண்டோனைட் என்ற உப்புகிற களிமண்ணும் சிமெண்டும் நீரும் சேர்ந்த குழம்பை அந்த இடைவெளியில் நிரப்புகிறார்கள். மேலிருந்து ஊற்றினால் அது பாதி வழியில் சிக்கிக்கொண்டு கீழே பொந்து விழும். ஆதலால் குழாய்க் கட்டோடு கூடவே அடிவரை இறக்கிய தனிக் குழாய் ஒன்றின் வழியாகக் கீழிருந்து மேலாக நிரப்பவேண்டும். துளையின் வாயில் முதலில் சேற்று நீர் பொங்கிவரும். பிறகு நீர்த்துப்போன குழம்பு வரும். வாயில் வழிகிற குழம்பைப் பிடித்து நிறுத்துப் பார்த்து, அதன் கனம் கலக்கும் தொட்டியிலுள்ள குழம்பின் கனத்துக்குச் சமமாகும்வரை பம்பை நிறுத்தக்கூடாது. சில வேளைகளில் அடியில் ஒரு பிளவோ குகையோ இருந்து, எவ்வளவு ஊற்றினாலும் குடித்துக்கொண்டேயிருக்கும். மாலை இருட்டிவிட்டது, அடுத்த ஊரில் நாளைக் காலையில் வேலை இருக்கிறது என்று ஒரு தொழிலாளி அந்த இடத்தில் அவசரப்பட்டால், அதன் பலனை மேலேயிருந்து எந்தக் கண்ணும் காணமுடியாது. இத்துறையின் தொழில்நுட்பச் சிரமங்கள் என்று எத்தனையோ சொல்லலாம். என் அபிப்பிராயத்தில், கம்ப்ரெஸரைக் காட்டிலும், கருவிகளைக் காட்டிலும், முதன்மையாகக் கவலைப்படவேண்டியது குழாய்க்கும் பாறைக்கும் நடுவேயுள்ள இந்தச் சில சென்டிமீட்டர்தான். அப்படிச் சொல்வதற்குக் காரணமாக ஒரு நகரமே நிற்கிறது.

தென்மேற்கு ஜெர்மனியில், கறுப்புக் காடு என்னும் மலைப் பிரதேசத்தின் அடிவாரத்தில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஷ்டௌஃபன் என்ற சிறிய ஊர் இருக்கிறது. ஜனத்தொகை எண்ணாயிரம் இருக்கும். ஐரோப்பிய இலக்கியத்தில் அழியாப் பெயர் பெற்ற டாக்டர் ஃபௌஸ்ட் பதினாறாம் நூற்றாண்டில் இவ்வூர் விடுதி ஒன்றில்தான் மாண்டான் என்பது கர்ணபரம்பரை. அதே நூற்றாண்டைச் சேர்ந்த நகரமண்டபமும், அதைச் சுற்றிலும் பழைய வீடுகளும் கல் பாவிய தெருவும் அந்த ஊரின் அழகு. மண்டபத்தைப் புதுப்பித்த நகரசபையார், அதைச் சூடாக்குவதற்குப் புகையும் சாம்பலும் இல்லாத வழியைத் தேர்ந்தெடுக்க விரும்பினார்கள். 2007 செப்டம்பரில், மண்டபத்தின் பின்னால் தலா 140 மீட்டர் ஆழத்தில் ஏழு துளைகள் போடப்பட்டன. நோக்கம் நல்லது, தேர்ந்த வழியும் அந்நாட்டில் பல்லாயிரம் வீடுகளில் கைகண்ட வழியே.

சில வாரங்களில் மண்டபத்தின் சுவரில் மயிரிழையாக ஒரு விரிசல் தெரிந்தது. பழைய கட்டடங்களில் விரிசல் சகஜம். ஆனால் அது வளர்ந்தது. பக்கத்து வீட்டிலும் தோன்றியது. அதற்கடுத்த வீட்டிலும் தோன்றியது. கதவுகள் நிலையில் அடங்காமல் போயின. ஜன்னல் கண்ணாடிகள் தெறித்தன. சுவர்களின் விரிசல்களில் விரலை நுழைக்கலாம், பிறகு கையையே நுழைக்கலாம் என்ற நிலை வந்தது. நில அளவையாளர்கள் அளந்து பார்த்தபோது, ஊர் தாழவில்லை, உயர்ந்துகொண்டிருக்கிறது என்று கண்டார்கள். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் பூமி மேலே கிளம்பிக்கொண்டிருந்தது.

காரணம் அறுபது மீட்டருக்குக் கீழே இருந்தது. அங்கே அன்ஹைட்ரைட் என்ற கனிமம் நிறைந்த ஒரு பாறை அடுக்கு கிடக்கிறது. நீர் சேராத கால்சியம் சல்பேட்டுக்கு அது பெயர். நீர் சேர்ந்தால் அதுவே ஜிப்சம் ஆகிவிடும். காளவாயிலிருந்து எடுத்த சுண்ணாம்புக் கல்லில் நீர் தெளித்ததும் அது பொங்கிப் பூரித்து உதிர்வதைப் போன்றதே இந்த மாற்றமும், வேகத்தில்தான் குறைவு. நூறு பங்கு இடத்தில் அடங்கியிருந்த அன்ஹைட்ரைட் முழுவதும் ஜிப்சமாக மாறும்போது சுமார் நூற்றறுபது பங்கு இடம் கேட்கிறது. அதன்மேல் அறுபது மீட்டர் பாறையும், பாறைமேல் ஒரு நகரமும் உட்கார்ந்திருந்தாலும் அது லட்சியம் செய்வதில்லை. அந்த அடுக்குக்கும் கீழேயிருந்த பாறையில் நீர் அழுத்தத்தோடு அடைபட்டிருந்தது. துளைகள் இரண்டையும் ஊடுருவின. குழாயைச் சுற்றிய இடைவெளி முழுமையாக அடைபடாமல் போன இடங்களின் வழியே கீழேயிருந்த நீர் மேலேறி, கோடிக்கணக்கான ஆண்டுகளாக வறண்டு கிடந்த அன்ஹைட்ரைட்டை வந்து தொட்டது.

அந்தப் பகுதி ரைன் நதிப் பள்ளத்தாக்கின் விளிம்பு. பூமி அங்கே பிளவுபட்டு, அடுக்குகள் ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் ஒழுங்கற்றுக் கிடக்கின்றன. ஒரு தெருவில் கண்ட வரிசை அடுத்த தெருவில் இருக்கும் என்று சொல்வதற்கில்லை. இதைச் சொல்வது எவரையும் குற்றத்திலிருந்து விடுவிப்பதற்கன்று. இத்தகைய நிலத்தில் வேறோர் இடத்தில் கிடைத்த தகவலை நம்பித் துளை போடுவது எவ்வளவு அபாயம் என்பதை உணர்த்தவே சொல்கிறேன். மொத்தத்தில் சுமார் 270 கட்டடங்கள் சேதமடைந்தன. நஷ்டம் பல கோடி யூரோவாயிற்று. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடு கண்ணெதிரே பிளப்பதைப் பார்த்த அந்த ஊர் ஜனங்கள், தங்கள் ஊர் உடைந்துபோகக் கூடாது என்ற வாசகத்தைச் சுவரிலே எழுதித் தொங்கவிட்டார்கள். பூகம்பமானால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். இது வருஷக்கணக்கில் நீடித்த பூகம்பம். பூசிய விரிசல் மறுபடி திறக்கும் என்று தெரிந்தே பூசிக்கொண்டு அவர்கள் வாழ்ந்தார்கள்.

பரிகாரம் இரண்டு விதமாகச் செய்யப்பட்டது. 2009-இல் பழைய துளைகளுக்குள் மறுபடியும் சிமெண்டுக் குழம்பை அழுத்தத்தோடு செலுத்தி நீர் ஏறும் வழியை அடைக்க முயன்றார்கள். அதோடு அருகிலேயே கிணறு தோண்டி, கீழ் அடுக்கின் நீரை இடைவிடாமல் இறைத்து, அதன் மட்டம் அன்ஹைட்ரைட்டை எட்டாமல் தாழ்த்தினார்கள். வேகம் படிப்படியாகக் குறைந்து மாதத்துக்குச் சில மில்லிமீட்டராகவும், பின்னர் அதற்கும் குறைவாகவும் ஆயிற்று. ஆனால் அதற்குள் மிக அதிகமாக உயர்ந்த இடத்தில் நிலம் அரை மீட்டருக்குமேல் எழும்பிவிட்டது, பக்கவாட்டிலும் நகர்ந்துவிட்டது. ஒரு கட்டடம் முழுவதும் ஒரே அளவாக எழும்பினால் அதற்குத் தீங்கில்லை. ஒரு மூலை எழும்பி மறு மூலை நின்றுவிடுவதனால்தான் சுவர்கள் பிளக்கின்றன.

ஷ்டௌஃபன் தனித்து நிற்கவில்லை. ஷ்டுட்கார்ட் அருகேயுள்ள போப்ளிங்கன் நகரிலும், எல்லைக்கு அப்பால் பிரான்ஸின் அல்ஸாஸ் பிரதேசத்து லோக்வில்லேர் கிராமத்திலும் இவ்வாறே நிலம் பொங்கி வீடுகள் வெடித்தன. ஹெஸ்ஸன் மாநிலத்தின் தலைநகரான வீஸ்பாடனில் 2009 நவம்பரில், நிதி அமைச்சகத்துக்காகப் போட்ட துளை சுமார் 130 மீட்டரில் அடைபட்ட நீரைத் திறந்துவிட, நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான லிட்டர் பீறிட்டுத் தெருவில் ஓடிற்று. இத்தனைக்கும் ஜெர்மனியில் இவ்வகைத் துளைகள் லட்சக்கணக்கில் போடப்பட்டு, அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒரு சங்கடமுமின்றி வேலை செய்துகொண்டிருக்கின்றன என்பதையும் நியாயம் கருதிச் சொல்லவேண்டும்.

இந்த அனுபவங்களால் விதிகள் மாறின. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில், ஜிப்சம் இருக்கக்கூடிய பிரதேசங்களில் துளை அந்த அடுக்கின் தலைப்பை எட்டியவுடன் நிறுத்தியே தீரவேண்டும் என்ற கட்டளை வந்தது. துளையிலிருந்து வெளிவரும் கல்தூளை ஒவ்வொரு மீட்டருக்கும் எடுத்து வரிசையாக வைத்துப் பார்க்க நிலவியல் அறிந்தவர் ஒருவர் கூடவே இருக்கவேண்டியதாயிற்று. நிரப்பும் குழம்பின் அளவையும் கனத்தையும் தொழிலாளியின் கண்ணளவுக்கு விடாமல் கருவியே பதிவுசெய்யும் ஏற்பாடும் வந்தது. குழம்பில் மாக்னடைட் என்ற காந்த இரும்புத் தாதுவைக் கலந்துவிட்டு, பிறகு குழாய்க்குள் ஒரு மெல்லிய கருவியை இறக்கி, வெளியே எந்த ஆழத்தில் குழம்பு இருக்கிறது, எந்த ஆழத்தில் பொந்து இருக்கிறது என்று காந்த சக்தியைக்கொண்டே கண்டுபிடிக்கும் முறை இவற்றில் என்னை மிகவும் கவர்ந்தது. காண முடியாத இடத்தைக் காணச் செய்கிற இந்தச் சிறு யுக்தி, வெப்பப் பம்பின் திறமையை ஒரு பங்கு உயர்த்துவதைவிட அதிகப் பிரயோஜனமுள்ளது.

விதி எல்லா நிலத்துக்கும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை. ஸ்வீடனில் பெரும்பகுதி நிலம் பழமையான கெட்டிக் கருங்கல். அங்கே மேல் மண்ணைக் கடந்து பாறை தொடங்கும்வரை இரும்புக் கேசிங் இறக்கி அடைத்துவிட்டு, அதற்குக் கீழே துளையை நிரப்பாமல் நிலத்தடி நீரிலேயே குழாயை மிதக்க விடுவது வழக்கம். அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது. அதே முறையை ஷ்டௌஃபனின் அடுக்குப் பாறையில் கையாள நினைப்பது பேதைமை. நிரப்பிய குழம்புக்கும் ஆயுள் பரீட்சை உண்டு: கடுங்குளிரில் வீட்டார் அளவுக்கு மீறி வெப்பத்தை இழுத்தால் குழாயின் நீர் பூஜ்யத்துக்குக் கீழே போய், சுற்றியுள்ள ஈரக் குழம்பு உறையும், உறைவதும் உருகுவதும் மாறி மாறி நடந்தால் குழாயை ஒட்டி நுண்ணிய வெடிப்புகள் உண்டாகி, அடைத்த வழி மறுபடியும் திறக்கும். நீளம் குறைவாகத் துளை போட்டு மிச்சம்பிடித்த பணம் இவ்வாறு வேறு வழியில் போய்விடுகிறது.

நிலத்தடி நீரையே ஒரு கிணற்றில் இறைத்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு மறு கிணற்றில் விடுகிற முறையும் உண்டு; மூனிக் நகரத்தின் சரளைச் சமவெளியில் இது சிறப்பாக நடக்கிறது. இரும்புச் சத்து கரைந்த நீரானால், காற்று பட்டதும் அது துருவாகப் படிந்து கிணற்றின் சல்லடையை அடைத்துவிடும். ஆகையால் அங்கெல்லாம் நீரைக் காற்றே படாமல் சுற்றிவரச் செய்யவேண்டும்.

இனி, எடுத்த வெப்பம் திரும்ப வந்து சேர்கிறதா என்ற கேள்வி. ஜூரிச் மாகாணத்தில் எல்க் என்ற ஊரில் 1986-இல் ஒரு வீட்டுக்காகப் போட்ட 105 மீட்டர் துளையைச் சுற்றி அளவைக் கருவிகளை வைத்து, அதன் உஷ்ணத்தைப் பல ஆண்டுகள் குறித்து வந்தார்கள். முதல் சில ஆண்டுகளில் துளையைச் சுற்றிய பாறை ஒன்றிரண்டு டிகிரி குளிர்ந்தது. பிறகு குளிர்வது மெதுவாகி ஏறக்குறைய ஒரு புதிய சமநிலையில் நின்றது. பம்பை நிறுத்திவிட்டால் நிலம் பழைய உஷ்ணத்துக்கு மீள, அது ஓடிய காலம் எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவு காலம் பிடிக்கும் என்று கணக்கிட்டார்கள். தனி வீட்டுக்கு இது திருப்திகரமான விடையே. ஆனால் ஒரு தெருவிலுள்ள ஐம்பது வீட்டாரும் அடுத்தடுத்துத் துளை போட்டால், ஒவ்வொரு துளைக்கும் பக்கத்திலிருந்து ஊர்ந்து வரவேண்டிய வெப்பத்தை அடுத்த துளை பறித்துக்கொள்ளும். துளைகளுக்கு நடுவே ஐந்தாறு மீட்டராவது விடவேண்டும் என்பது விதி. ஆயினும் ரிக்கின் முனை கெட்டிப் பாறையில் நேரே இறங்காமல் ஒருபுறம் சாயக்கூடுமாதலால், மேலே ஆறு மீட்டர் விலகி நிற்பவை அடியில் நெருங்கிவிடுவதும் உண்டு. தன் துளையை நியாயமாக அளந்து போட்ட ஒருவனுடைய வீடு, பிற்காலத்தில் அயலார் போட்ட துளைகளால் ஒவ்வொரு வருஷமும் சிறிது சிறிதாகக் குளிர்வதை எந்த ஏட்டில் பதிவது, யாரிடம் முறையிடுவது என்பது பொறியியலோடு சட்டமும் சேர்ந்து தீர்க்கவேண்டிய சிக்கல்.

வீட்டுக்குள் இருக்கும் சிரமம் வேறு வகை. வெப்பப் பம்புக்கு எவ்வளவு உயரம் ஏற்றுகிறோம் என்பதே செலவு. தரைக்கடியில் குழாய்கள் பதித்த புதிய வீட்டுக்கு 35 டிகிரி நீர் போதும். அப்போது ஒரு பங்கு மின்சாரத்துக்கு நான்கு பங்குக்குமேல் வெப்பம் கிடைக்கும். சுவரோரத்தில் இரும்பு ரேடியேட்டர்கள் நிற்கும் பழைய வீட்டுக்கு 60 டிகிரியும் அதற்கு மேலும் வேண்டியிருக்கும். அங்கே மூன்று பங்கு கிடைப்பதும் அரிது. ஆகையால் துளை போடுவதற்கு முன்னால் சுவருக்கும் கூரைக்கும் வெப்பம் கசியாத காப்பு இடவேண்டும், ரேடியேட்டரைப் பெரிதாக்க வேண்டும். பழைய கட்டடங்களே நிறைந்த ஐரோப்பிய நகரங்களில் இதுதான் மிகுந்த பொருட்செலவு பிடிக்கிற காரியம்.

நிலம் குளிர்ந்துபோவதற்கு மாற்று தேடியவர்கள் கோடையை நோக்கித் திரும்பினார்கள். ஜூரிச் நகரை அடுத்த ஹோங்கர்பெர்க் குன்றின்மேலுள்ள ஸ்விஸ் சமஷ்டித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், சுமார் 200 மீட்டர் ஆழமுள்ள துளைகளை நூற்றுக்கணக்கில் கூட்டங்கூட்டமாகப் போட்டு, கட்டடங்களையெல்லாம் ஒரே குழாய் வளையத்தில் கோத்திருக்கிறார்கள். ஆராய்ச்சிச் சாலைகளையும் கம்ப்யூட்டர்களையும் கோடையில் குளிர்விக்கும்போது அகற்றவேண்டியிருக்கிற வெப்பத்தை ஆகாயத்தில் விட்டுவிடாமல் அந்தத் துளைகளின் வழியே பாறைக்குள் செலுத்தி, குளிர்காலத்தில் அதையே திரும்ப எடுக்கிறார்கள். வளையத்தில் ஓடும் நீர் எப்போதும் மிதமான உஷ்ணத்திலேயே இருப்பதால் வழியில் நஷ்டமும் சொற்பம். ஆனால் கணக்கு இருபுறமும் சமமாக இருக்கவேண்டும். பழைய கட்டடங்களுக்குக் காப்பு இட இடக் குளிர்காலத் தேவை குறையும். புதிய ஆராய்ச்சிச் சாலைகள் வர வரக் கோடையில் அகற்றவேண்டிய வெப்பம் கூடும். அப்போது குளிர்வதற்குப் பதிலாகப் பாறை வருஷத்துக்கு வருஷம் சூடேறத் தொடங்கும். இவ்வாறான துளைக் கூட்டத்தை நடத்துகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் எந்தக் கட்டடம் எவ்வளவு எடுத்தது, எவ்வளவு கொடுத்தது என்று மீட்டர்களைப் பார்த்து, அடுத்த ஆண்டுக்கான ஓட்டத்தை மறுபடி வகுக்கவேண்டியிருக்கிறது.